ஷாமின் ஓவியங்கள் எங்கே போயின?
'அய்யாம்' காட்சிக்கூடத்தின் கதை

சிரியா என்றதும் இன்றைக்கு நமது கண்முன் வருவது இடிந்த மாடிக் கட்டடங்களும் தூசு படிந்த பிள்ளைகளின் முகங்களும்தான். நமது வாப்பாமார், மூத்தாப்பாமாரின் காலத்தில் அப்படி இருக்கவில்லை. அவர்களுக்கு அது 'ஷாம்'. இமாம் நவவி பிறந்த நவா, காலித் பின் வலீத் (ரழி) அவர்களின் பெயரில் பள்ளிவாசல் இருக்கும் ஹிம்ஸ், ஸலாஹுத்தீன் அய்யூபி அடங்கியிருக்கும் திமிஷ்க். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இவை பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போலப் பழக்கமானவை.

இந்த இரண்டு சிரியாவுக்கும் நடுவில் இன்னொரு சிரியா இருக்கிறது. அது ஓவியர்களின் சிரியா. அதைப் பற்றி நமது சஞ்சிகைகளில் அதிகம் எழுதப்பட்டதில்லை. அந்தச் சிரியா போர்க்காலத்தில் எப்படித் தப்பியது, யார் அதைத் தப்ப வைத்தார்கள், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டி வந்தது என்பதை ஒரு காட்சிக்கூடத்தின் கதை வழியாகப் பார்க்கலாம். அதன் பெயர் 'அய்யாம்'. இந்தச் சொல்லும் நமக்குப் புதிதல்ல. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த மூன்று நாட்களை அய்யாமுத் தஷ்ரீக் என்கிறோமே, அதே அய்யாம்தான். நாட்கள் என்று பொருள்.

2006க்கு முன்னால்

சிரியாவில் நவீன ஓவியம் நேற்று முளைத்ததல்ல. டமஸ்கஸ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடம் 1960ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அலெப்போவைச் சேர்ந்த பாதிஹ் முதர்ரிஸ் (1922 - 1999), லுஅய் கய்யாலி (1934 - 1978) போன்றவர்கள் ரோமில் படித்துத் திரும்பி, தமது ஊர் மனிதர்களையே வரைந்தார்கள். கய்யாலி 1965இல் வரைந்த 'பிறகு என்ன?' என்ற ஓவியம், வீடிழந்து நிற்கும் பலஸ்தீன அகதிகளைக் காட்டுகிறது. 1967 யுத்தத்தில் அறபு நாடுகள் தோற்றபோது மனமுடைந்த அவர், பலஸ்தீனப் பிரச்சினை பற்றித் தாம் கரியால் வரைந்திருந்த ஒரு தொகுதிப் படங்களையே அழித்துவிட்டார். தமது மக்களின் துயரத்தை அந்த அளவுக்குத் தமது துயரமாக எடுத்துக்கொண்ட பரம்பரை அது.

ஆனால் ஓவியத்தை நம்பி அடுப்பெரிக்க முடியாது என்பதுதான் அங்கும் நிலைமை. வாங்குவோர் சிலர். பல ஓவியர்கள் ஆசிரியத் தொழில் பார்த்தார்கள், அல்லது விளம்பர வடிவமைப்புச் செய்தார்கள். பொதுமக்கள் வந்து பார்க்கக்கூடிய தனியார் காட்சிக்கூடங்களும் மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்க முன்வந்தவர்களில் இரண்டு சகோதரிகளைச் சொல்ல வேண்டும். மய்லா அதாஸியும் முனா அதாஸியும் 1986இல் ஹிம்ஸ் நகரில் ஒரு புத்தகக் கடையோடு சேர்த்துக் காட்சிக்கூடம் நடத்தத் தொடங்கினார்கள். 1993இல் அது டமஸ்கஸுக்கு வந்தது. 1898 முதல் 1998 வரையிலான ஒரு நூற்றாண்டுச் சிரிய ஓவியத்தைத் தொகுத்து ஒரு பெரிய நூலையும் அவர்கள் வெளியிட்டார்கள். அந்த நூலைப் பற்றிக் கடைசியில் மீண்டும் பேசுவோம்.

ஒரு வங்கியாளர் ஊர் திரும்புகிறார்

சுவிட்சர்லாந்தில் வங்கித் துறையில் இருந்த காலித் சமாவி, தமது உறவினர் ஹிஷாம் சமாவியோடு சேர்ந்து 2006இல் டமஸ்கஸின் மெஸ்ஸே பகுதியில் அய்யாம் காட்சிக்கூடத்தைத் திறந்தார். காலம் பொருத்தமாக இருந்தது. அதே 2006இல்தான் கிறிஸ்டீஸ் என்ற உலகப் புகழ்பெற்ற ஏல நிறுவனம் டுபாயில் தனது முதல் ஏலத்தை நடத்தியது. வளைகுடாவில் பணம் இருந்தது. சிரியாவில் ஓவியர்கள் இருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் பாலம்தான் இருக்கவில்லை.

"காட்சிக்கூடம் எண்டா படம் மாட்டி வைக்கிற மண்டபம்தானே" என்று நினைக்கலாம். அப்படியல்ல. மண்டபம் வாடகைக்கும் கிடைக்கும். இப்படியான காட்சிக்கூடம் செய்வது வேறு வேலை. முதலில் அது ஓவியரோடு ஒப்பந்தம் செய்கிறது. அவருடைய படங்களைத் தானே விற்றுத் தரும். விற்ற பணத்தில் ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொள்ளும். உலக வழக்கில் இது பெரும்பாலும் பாதிக்குப் பாதி. அந்தப் பாதிக்குப் பதிலாகக் கண்காட்சி வைப்பது, படங்களைப் பாதுகாப்பாக வைத்திருப்பது, வெளிநாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோவது, ஒவ்வொரு படமும் எந்த ஆண்டு வரையப்பட்டது, என்ன அளவு, யார் கையில் இருக்கிறது என்று பதிந்து வைப்பது, ஒவ்வொரு கண்காட்சிக்கும் பட்டியல் நூல் அச்சிடுவது எல்லாம் காட்சிக்கூடத்தின் பொறுப்பு. படம் வரைகிறவருக்கு வரைவதைத் தவிர வேறு கவலை இருக்கக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை.

அய்யாம் இதை ஒழுங்காகச் செய்தது. 'ஷபாப் அய்யாம்' என்ற பெயரில் இளம் ஓவியர்களைத் தேடி எடுத்து வளர்த்தது. 2008இல் டுபாயிலும் 2009இல் பெய்ரூட்டிலும் கிளை திறந்தது. டுபாயில் வேலை செய்த நம்மட ஆக்களுக்கு அல் கூஸ் தெரிந்த இடம். கராஜ்கள், களஞ்சியசாலைகள், தொழிலாளர் தங்குமிடங்கள் நிறைந்த பகுதி. அங்கே அல்சர்கால் அவனியூ என்ற வளாகத்தில், களஞ்சியசாலைக் கட்டடங்கள் காட்சிக்கூடங்களாக மாறத் தொடங்கிய ஆரம்ப நாட்களிலேயே அய்யாமும் போய்ச் சேர்ந்தது. 2013இல் லண்டனிலும் ஜித்தாவிலும்கூட அதன் கதவுகள் திறந்தன.

இந்தக் கிளைகள் எல்லாம் வியாபாரத்துக்காகத் திறக்கப்பட்டவை. அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வியாபாரத்துக்காகத் திறந்த கதவு எதற்கெல்லாம் பயன்படும் என்பது 2011இல்தான் தெரிய வந்தது.

கதவு இன்னொன்றுக்குப் பயன்பட்டது

2011 மார்ச்சில் சிரியாவில் மக்கள் எழுச்சி தொடங்கியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் நாட்டின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞர் அலி பர்ஸாத் டமஸ்கஸில் வைத்து முகமூடிக்காரர்களால் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டார். அவர்கள் குறிவைத்து உடைத்தது அவரது கைகளை. இனி என்ன வரைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவித்தல் தேவையில்லை. 2012இல் டமஸ்கஸ் தேசிய அரும்பொருட்காட்சியகமும் மூடப்பட்டது. 2018 வரை அது திறக்கவில்லை.

அய்யாம் டமஸ்கஸில் கண்காட்சி நடத்துவதை நிறுத்தியது. ஆனால் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடவில்லை. தன்னோடு இருந்த ஓவியர்களும் குடும்பங்களும் டுபாய்க்கும் பெய்ரூட்டுக்கும் போய்ச் சேர உதவியது. படங்களையும் நாட்டுக்கு வெளியே கொண்டுவந்தது. கிளை இல்லாத காட்சிக்கூடமாக இருந்திருந்தால் படங்களை எங்கே அனுப்புவது? கையில் ஒப்பந்தமும் போய் இறங்க ஒரு முகவரியும் இல்லாத ஓவியர் எந்த நாட்டுக்குப் போவது? அரசாங்கமும் அரும்பொருட்காட்சியகமும் செய்யாத காரியத்தை, படம் விற்கும் ஒரு நிறுவனம் செய்தது.

அப்படி 2011இல் டுபாய்க்குப் போனவர்களில் ஒருவர் தம்மாம் அஸ்ஸாம். 1980இல் பிறந்தவர். டமஸ்கஸில் அவருக்கு வேலைக்கூடம் இருந்தது. பெரிய துணிகளில் வண்ணம் பூசி வேலை செய்தவர். டுபாயில் அந்த இட வசதி இருக்கவில்லை. அதனால் கணினியில் வேலை செய்யத் தொடங்கினார். 2013 தொடக்கத்தில் அவர் செய்த ஒரு படம் உலகமெங்கும் கைத்தொலைபேசிகளில் சுற்றியது. குண்டு துளைத்துச் சல்லடையான ஒரு சிரியக் கட்டடச் சுவர். அந்தச் சுவரின் மேல், ஒஸ்ட்ரிய ஓவியர் கிளிம்டின் 'முத்தம்' என்ற ஓவியம், பொன்னிறப் போர்வைக்குள் ஒருவரை ஒருவர் அணைத்து நிற்கும் ஆணும் பெண்ணும். நம்மில் பலரும் அதைப் பார்த்திருப்போம். யாரோ ஒரு சிரியர் உண்மையாகவே அந்தச் சுவரில் ஏறி வரைந்திருக்கிறார் என்று அநேகர் நம்பினார்கள். உண்மையில் அது இரண்டு படங்களைக் கணினியில் இணைத்துச் செய்த வேலை.

ஏன் கிளிம்ட்? 'சிரிய அரும்பொருட்காட்சியகம்' என்று அவர் பெயரிட்ட தொடரில் அந்தப் படம் ஒன்று மட்டும்தான். கோயா வரைந்த '1808 மே 3' என்ற ஓவியத்தையும் அவர் சிரியத் தெரு ஒன்றில் கொண்டுவந்து வைத்தார். நெப்போலியனின் படையினர் ஸ்பானிய மக்களை வரிசையில் நிறுத்திச் சுடும் காட்சி அது. ஐரோப்பா தனது ஓவியங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்கிறது. கோயாவின் படத்தில் இறந்தவர்களுக்காக இருநூறு ஆண்டுகளாகத் துக்கப்படுகிறது. இங்கே அதே மாதிரிச் சாவு ஒவ்வொரு நாளும் நடக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள்? அந்தத் தொடர் கேட்கும் கேள்வி இதுதான். 2013 ஏப்ரலில் அலெப்போவின் பெரிய பள்ளிவாசலின் பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த மினாரா இடிந்து விழுந்ததை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

கண் திறந்த பிள்ளைகள்

இன்னொருவர் முஹன்னத் உறாபி. 1977இல் டமஸ்கஸில் பிறந்தவர். போருக்கு முன்னர் அவர் வரைந்த குழந்தை முகங்களில் கண்கள் இருக்காது. கறுப்புக் குழிகள் மட்டும் இருக்கும். போர் தொடங்கிய பின் அதே முகங்களுக்குப் பெரிய கண்கள் வந்தன. பார்க்கிறவரை நேருக்கு நேர் பார்க்கிற கண்கள். பேஸ்புக்கில் சிரியர்கள் தமது முகப்புப் படத்தை எடுத்துவிட்டு, கொல்லப்பட்ட சகோதரனின், நண்பனின் படத்தைப் போடத் தொடங்கிய காலம் அது. அந்தச் சிறிய சதுரப் படங்களையே அவர் பெரிய ஓவியங்களாக்கினார்.

சப்வான் தஹூல் 1961இல் ஹமாவில் பிறந்தவர். பல தசாப்தங்களாக அவருடைய படங்களுக்கு ஒரே பெயர்தான்: 'கனவு'. இலக்கம் மட்டும் மாறும். சாம்பல் நிறத்தில், தன்னுள் சுருண்டு கிடக்கும் ஒரு பெண். 1982இல் ஹமா நகரம் அழிக்கப்பட்டது நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஊரிலிருந்து வந்த ஒருவர் அவ்வளவு காலம் ஒரே கனவை வரைகிறார் என்றால், அதைப் பார்க்கிறவர் ஹமாவை நினைக்காமல் இருக்க முடியாது.

"படம் வரையிறது ஹராம்தானே?"

இவ்வளவு வாசித்த பின் ஒரு கேள்வி மனதில் வந்திருக்கும். "உருவப்படம் வரையிறது ஹராம் எண்டுதானே ஓதித் தந்தாங்க, அதுக்கு என்னத்துக்கு இவ்வளவு கதை?" நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரை பத்வா கொடுக்க வரவில்லை. உயிருள்ளவற்றை உருவமாக்குவதைப் பெரும்பாலான இமாம்கள் தடுத்திருக்கிறார்கள். நிழல் விழும் சிலைக்கும் தட்டையான படத்துக்கும் வேறுபாடு பார்த்தவர்களும், குறிப்பாக மாலிக்கி அறிஞர்களில், இருக்கிறார்கள். மரம், மலை போன்ற உயிரற்றவற்றை வரையலாம் என்று இப்னு அப்பாஸ் (ரழி) ஓர் ஓவியருக்குச் சொன்னது நாம் அறிந்த செய்தி.

ஷாமின் மண்ணிலேயே இந்த இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கலீபா வலீத் பின் அப்துல் மலிக் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய உமையாப் பள்ளிவாசலின் சுவர்களில் பொன் நிறச் சில்லுகளால் ஆன மரங்களும் ஆறும் மாளிகைகளும் இருக்கின்றன. ஒரு மனிதன் இல்லை, ஒரு பறவை இல்லை. அதே உமையாக்களின் காலத்தில், 727இல் வலீதின் சகோதரர் ஹிஷாம் பாலைவனத்தில் கட்டிய கஸ்ருல் ஹைர் மாளிகையின் தரையில் குதிரையில் வேட்டையாடுபவரும் இசைக்கலைஞர்களும் வரையப்பட்டிருந்தார்கள். அந்த மாளிகையின் வாசல்தான் இன்று டமஸ்கஸ் தேசிய அரும்பொருட்காட்சியகத்தின் முகப்பாக நிற்கிறது. பள்ளிவாசலுக்கு ஒரு வழி, மாளிகைக்கு ஒரு வழி.

இன்றைய சிரிய ஓவியத்திலும் உருவமில்லாத வழி உயிரோடுதான் இருக்கிறது. மஹ்மூத் ஹம்மாத் (1923 - 1988) அறபு எழுத்துகளை வாசிக்க முடியாத அளவுக்குப் பிரித்து, அவற்றின் வளைவுகளையும் நிறங்களையும் மட்டும் கொண்டு வரைந்தார். அய்யாமின் ஓவியர்களில் அப்துல் கரீம் மஜ்தல் அல்பெய்க், சாந்து, சாம்பல், கரி, சாக்குத் துணி ஆகியவற்றைக் கொண்டு சுவர்களைச் செய்கிறார். மனிதர் இல்லாத, ஆனால் மனிதர் கிறுக்கிவிட்டுப் போன சுவர்கள். ஷார்ஜாவில் வாழும் தாயிர் ஹிலால், மலைகளையும் ஆஸி நதியையும் மணலும் வண்ணமும் சேர்த்துப் படைக்கிறார். ஆஸி என்றால் கீழ்ப்படியாதவன். ஏனைய ஆறுகளைப் போலல்லாமல் வடக்கு நோக்கிப் பாய்வதால் வந்த பெயர் என்பார்கள். ஹிம்ஸும் ஹமாவும் அந்த ஆற்றின் கரையில்தான் இருக்கின்றன. ஊருக்குத் திரும்ப முடியாதவர் அந்த ஆற்றை வரைவதற்கு உருவம் தேவைப்படவில்லை.

விலை யாருக்கு?

இனி இந்தக் கதையின் மறுபக்கம். அய்யாம் வந்த பின் சிரிய ஓவியங்களின் விலை ஏறியது. ஓவியரின் வீட்டில் அடுப்பெரிந்தது. நல்லது. ஆனால் விலை ஏறினால் வாங்குபவரும் மாறுவார். டமஸ்கஸ் ஆசிரியர் ஒருவர் ஒரு சிறிய படத்தைத் தவணை முறையில் வாங்கித் தன் வீட்டில் மாட்டும் காலம் முடிந்தது. படங்கள் டுபாய், லண்டன், பெய்ரூட் செல்வந்தர்களின் சுவர்களுக்குப் போயின. ஒருமுறை விற்ற படம் மீண்டும் பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு சங்கடம். போர் பிரபலமான பின், வெளிநாட்டில் வாங்குகிறவர் சிரிய ஓவியரிடம் போரை எதிர்பார்க்கிறார். அவர் ஒரு பூச்சாடியை வரைந்தால் யாருக்கு வேண்டும்? துன்பத்தைக் காட்டினால்தான் விலை என்ற நிலைமை, ஒரு கலைஞனுக்கு இன்னொரு வகைச் சிறை.

இதற்கு வேறு பதில்களும் சிரியர்களிடமிருந்தே வந்தன. 1951இல் கமிஷ்லியில் பிறந்த யூசுப் அப்துல்கி, 1970களின் கடைசியில் அரசியல் காரணத்துக்காகச் சிறையில் இருந்தவர். பின் பரிஸில் இரண்டு தசாப்தங்களுக்கு மேல் வாழ்ந்து 2005இல் ஊர் திரும்பினார். போர் தொடங்கிய பிறகும் அவர் வெளியேறவில்லை. 2013 ஜூலையில் மீண்டும் கைது செய்யப்பட்டு ஒரு மாதத்துக்குப் பின் விடுவிக்கப்பட்டார். அதற்குப் பிறகும் டமஸ்கஸில் இருந்து கரியால் வரைந்தார். ஒரு மீன் தலை, ஒரு கத்தி, ஒரு மண்டையோடு. பார்க்கிறவருக்கு விளக்கம் தேவைப்படாத படங்கள்.

அதாஸி குடும்பம் மூன்றாவது வழியை எடுத்தது. விற்பனைக் காட்சிக்கூடத்தை விட்டு, தமது சேகரிப்பைக் காக்கவும் சிரியக் கலையை ஆவணப்படுத்தவும் ஒரு மன்றத்தை அமைத்தார்கள். 2017 மார்ச்சில் அவர்கள் அதே அல்சர்கால் அவனியூவில் 'சிரியா: ஒளிக்குள்' என்ற கண்காட்சியை நடத்தினார்கள். மனித முகங்களையும் உருவங்களையும் சிரியர்கள் பல தலைமுறைகளாக எப்படி வரைந்தார்கள் என்பதைக் காட்டிய கண்காட்சி அது. அய்யாமும் அதாஸியும் ஒரே வளாகத்தில் நின்று இரண்டு வேலையைச் செய்தன. ஒன்று ஓவியருக்கு இன்றைய சோற்றைக் கொடுத்தது. மற்றையது நாளைய பிள்ளைக்கு அவருடைய படத்தை எடுத்து வைத்தது. இரண்டில் ஒன்று போதும் என்று சொல்ல முடியாது.

திரும்பி வருவது எது?

2024 டிசம்பர் 8ஆம் திகதி அசாத் ஆட்சி விழுந்தது. வெளியேறியவர்களுக்கு ஊருக்குப் போகும் பாதை திறந்தது. ஆனால் ஓவியர் திரும்பலாம், விற்ற ஓவியம் திரும்பாது. ஹிம்ஸிலோ அலெப்போவிலோ இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, தன் நாட்டின் பத்துப் பதினைந்து வருடத் துயரத்தை வரைந்த படங்களில் பெரும்பாலானவை நேரில் பார்க்கக் கிடைக்காது.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? அதாஸி சகோதரிகள் போட்ட அந்த நூற்றாண்டு நூல் மிஞ்சும். அய்யாம் ஒவ்வொரு கண்காட்சிக்கும் அச்சிட்ட பட்டியல் நூல்கள் மிஞ்சும். யார் வரைந்தது, எந்த ஆண்டு, என்ன பொருளால், என்ன அளவில் என்ற விவரம் மிஞ்சும். படம் விற்பதற்காகப் போட்ட பட்டியலாக இருந்தாலும், படம் போன பிறகு அதுதான் சாட்சி. ஒரு சமூகம் தன்னுடைய நாட்களை இழந்துபோகாமல் இருக்க, பெரிய அரும்பொருட்காட்சியகம் கட்டுவதற்கு முன்பே செய்யக்கூடிய காரியம் இது: எழுதி வைப்பது, பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைப்பது.

குண்டு துளைத்த சுவரில் பொன்னிறப் போர்வையோடு நிற்கும் அந்தப் படம் எப்போதாவது மீண்டும் நமது கைத்தொலைபேசிக்கு வரும். பெயர் இல்லாமல்தான் வரும். அடுத்த ஆளுக்கு அனுப்பும்போது கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புவோம்: தம்மாம் அஸ்ஸாம், சிரியா, 2013.